ஒருத்தி நீங்கலாக

செங்கரைப்புதூருக்குப் பாக்கியவதி வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவளுக்கு வயது இருபத்தெட்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழாம் வருஷத்தில் அது கல்யாணப் பெண்ணின் வயது அல்ல. தன் மகளுக்கு மாப்பிள்ளை தேட ஆரம்பிக்கிற வயது. தாயும் தகப்பனும் சின்ன வயதிலேயே போய்விட, பாளையங்கோட்டையில் மிஷனார் பள்ளிக்கூட விடுதியில் வளர்ந்தவள் அவள். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றதும், ஊருக்கு வெளியே ஒரு வெள்ளைக்கார அம்மாள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். பதினைந்து வருஷத்துக்கும் மேலாக அங்கே இருந்தாள். அத்தனை வருஷமும் அவள் பார்த்த வேலை ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் காய்ச்சுவது.

காலையில் ஓர் அண்டா, மத்தியானம் ஓர் அண்டா, பொழுது சாய ஓர் அண்டா. கொதி வந்த பிறகு கால் மணி நேரம் கொதிக்க வேண்டும் என்பது அம்மாளின் சட்டம். பாக்கியவதிக்குக் கடிகாரம் பார்க்க வராது. ஆகவே பதினாறாம் வாய்ப்பாட்டைப் பதறாமல் பதினைந்து தடவை சொல்லி அளந்துகொள்வாள். ஒருநாள் அம்மாள் அவளைக் கூப்பிட்டு, மேஜைமேல் இருந்த, சின்னதைப் பெரிதாகக் காட்டும் குழாய்க் கண்ணாடியில் கண்ணை வைத்து ஆற்றுத் தண்ணீர்ச் சொட்டு ஒன்றில் நெளியும் கிருமிகளைப் பார்க்கச் சொன்னாள். பாக்கியவதி வெகுநேரம் பார்த்தாள். தெரிந்தது அவளுடைய இமை முடி மட்டும்தான். அதை மறைக்காமல் அம்மாளிடமே சொல்லியும் விட்டாள்.

கண்ணாடியில் தெரியாதது அவளுக்கு வேறு விதமாகத் தெரிந்தது. ஒரு வருஷம் வாந்திபேதி வந்து ஆஸ்பத்திரிக் கொட்டகை நிரம்பி வழிந்தது. நோயாளிகளைத் தொட்டு, தூக்கி, துடைத்த வேலைக்காரர்கள் பன்னிரண்டு பேரும் அவள் காய்ச்சிய தண்ணீரைக் குடித்தார்கள். பன்னிரண்டு பேரும் பிழைத்துக் கிடந்தார்கள். கொட்டகைப் பக்கமே வராமல், கிணற்றுத் தண்ணீரே எனக்குப் போதும் என்று சிரித்த தோட்டக்காரர் பிழைக்கவில்லை. அன்று முதல் பாக்கியவதிக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

தேவதாசன் வண்டிக்காரர். வாழைத்தாரும் கருப்பட்டிச் சிப்பமும் ஏற்றிக்கொண்டு சேரன்மாதேவி ரயில் நிலையத்துக்கும் திருநெல்வேலிக்கும் வண்டி ஓட்டுவார். முதல் மனைவி இறந்து நாலு வருஷமாகியிருந்தது. பிள்ளை கிடையாது. வண்டிச் சக்கரம் காலில் ஏறி இருபது நாள் அந்த ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் பாக்கியவதியைப் பார்த்தார். அடுப்புப் புகையில் கண் சிவந்து, வாய்க்குள் வாய்ப்பாடு முணுமுணுத்துக்கொண்டிருந்த பெண்ணை அவருக்கு ஏனோ பிடித்துப்போயிற்று. கால் ஆறியதும் ஆள்விட்டுப் பேசி, அந்தத் தை மாதமே கல்யாணத்தை முடித்துவிட்டார்.

செங்கரைப்புதூர் முக்கூடலுக்குக் கிழக்கே ஆற்றோரத்தில் இருந்தது. அறுபது வீடு இருக்கும். பாதி வீட்டார் கிறிஸ்து வேதக்காரர்கள், பாதி வீட்டார் அம்மன் கோயிலைச் சேர்ந்தவர்கள். ஆனால் எல்லாரும் ஒருவருக்கொருவர் சொந்தம். கோயில் கொடை விழாவுக்கும் கிறிஸ்துமசுக்கும் வீம்பு பிடித்துக்கொள்வார்களே தவிர, ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. தாமிரபரணித் தண்ணீருக்கு ஈடாக உலகத்தில் ஒரு தண்ணீர் இல்லை.

கல்யாணப் பந்தியில் புதுப்பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவள் தேவதாசனின் அக்கா கனி. பக்கத்து வீட்டிலேயே குடியிருப்பவள். மெதுவாகப் பேசினாலும் மூன்று வீடு கேட்கும். பாக்கியவதி இலைக்கு மேலே கையைக் குறுக்கே வைத்து, காய்ச்சி ஆறின தண்ணீர் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டாள்.

“பிள்ளைக்குக் காய்ச்சலா?” என்றாள் கனி.

“இல்ல மைனி. பழக்கம்.”

கனி செம்பைத் தூக்கியபடியே நின்றாள். பிறகு, காய்ச்சின தண்ணிதான் பழக்கமாம் என்று பந்தி முழுவதும் கேட்கும்படி ஒரு தடவை சொன்னாள். பாயசம் வருவதற்குள் ஊருக்கே சேதி போய்விட்டது: தேவதாசன் கட்டிக்கொண்டு வந்திருப்பவளுக்கு நம் ஆற்றுத் தண்ணீர் ஆகாதாம்.

இதை எல்லாரையும்விடப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் அப்பாத்துரை அண்ணாச்சி. வாழைத்தோட்டமும் நஞ்சையும் உள்ள ஊர்ப் பெரியவர். ஒரு சமயம் நில வழக்குக்காகச் சென்னைப் பட்டணம் போய்ப் பத்து நாள் தங்கி, அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டு திரும்பியவர். வண்டியை நேரே ஆற்றங்கரைக்கு விடச் சொல்லி, இறங்கி இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் குடித்தாராம். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வயிறு சரியாகிவிட்டதாம். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் அள்ளிக் குடித்த அளவு கூடிக்கொண்டே போகும். கேட்பவர்களும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டுவார்கள்.

முதல் வருஷம் பாக்கியவதி ஒரு தப்புச் செய்தாள். வாதம் பண்ணினாள். ஒருநாள் படித்துறையில் பத்துப் பெண்கள் இருக்கும்போது, கனி ஏதோ கேலி பேச, இவளும் பொறுக்காமல், “ஆத்துக்கு மேல்பக்கத்து ஊர்க்காரங்க மாடு குளிப்பாட்டித் துணி வெளுத்த தண்ணியத்தான மைனி நாம அள்ளிக் குடிக்கோம்” என்று சொல்லிவிட்டாள். சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு ஒரு மாதம் அடுப்பு பற்றவைக்க அவளுக்கு யாரும் ஒரு கங்கு நெருப்புத் தரவில்லை. சின்னப் பிள்ளைகள் அவளைக் கண்டதும் ‘வெந்நீர்க்காரி, வெந்நீர்க்காரி’ என்று பின்னால் ஓடி வந்தார்கள். அந்தப் பெயர் அவளிடம் ஒட்டிக்கொண்டது.

அந்த ஒரு மாதத்தில் அவள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். ஆற்றைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசுவதில்லை. காய்ச்சுவதை ஒரு நாளும் விடுவதுமில்லை. கல்யாண வீடோ சாவு வீடோ, ஆலயத்து அசன விருந்தோ அம்மன் கோயில் பொங்கலோ, எங்கே போனாலும் ஒரு பித்தளைச் செம்பில் காய்ச்சின தண்ணீரை ஊற்றி, வாயில் வெள்ளைத் துணி கட்டி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள். யாராவது சீண்டினால், “ஆத்துத் தண்ணி நல்ல தண்ணிதான். எனக்குக் காய்ச்சிக் குடிச்சுப் பழகிப்போச்சு” என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். சண்டை போட வந்தவர்களுக்கு இதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. செம்பு மட்டும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

வீட்டில் தேவதாசனுக்கும் அதே தண்ணீர்தான். அவர் முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு பழகிக்கொண்டார். மழைக்காலமானால் வழியில் வண்டியை நிறுத்திவிட்டுப் புதரைத் தேடி ஓடுகிற வழக்கம் அவருக்கு நின்றுபோயிற்று. அந்த நன்றி அவருக்கு உண்டு. ஆனாலும் ஊருக்குப் பயம். வண்டிப் பயணத்துக்கு அவள் ஒரு சுரைக்குடுக்கையில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தால், அதை மாட்டுக்குப் போடும் வைக்கோலுக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொள்வார். குடிக்கும்போது மற்ற வண்டிக்காரர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார்.

ஒளித்துக் குடித்தால் ஊர் சும்மா இருக்குமா? தேவதாசன் குடுக்கையில் கள் வைத்துக் குடிக்கிறார் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. பேச்சு உபதேசியார் நேசையா காதுக்கு எட்டியது. செங்கரைப்புதூர்ச் சின்ன ஆலயத்துக்குப் பொறுப்பு அவர்தான். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற நாளில் ஊரார் அனைவருக்கும் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுப்பது. நல்ல மனிதர். ஒருவர் மனமும் நோகாமல் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று நினைப்பவர்.

அவர் தேவதாசன் வீட்டுக்கு வந்து, குடுக்கையைக் கேட்டு வாங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். சந்தேகம் தீராமல் ஒரு வாய் குடித்தும் பார்த்தார். வெறும் தண்ணீர். அவருக்கு நிம்மதியும் வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது. வந்ததற்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போக வேண்டுமே என்று பாக்கியவதிக்குப் புத்தி சொன்னார். வீட்டில் காய்ச்சிக் குடித்துக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது? நாலு பேர் கூடுகிற இடத்தில் மட்டும் ஊரார் குடிப்பதை ஒரு வாய் குடித்துவிட்டால் பேச்சு அடங்கிவிடும் அல்லவா? அந்தச் செம்புதான் எல்லாருடைய கண்ணையும் உறுத்துகிறது.

பாக்கியவதி உடனே மறுக்கவில்லை. உபதேசியார் மேல் அவளுக்கு மரியாதை உண்டு. அடுப்பில் தண்ணீர் கொதித்து அடங்கும் வரை யோசித்துவிட்டுச் சொன்னாள்.

“வீட்டுல ஒண்ணு, வெளியில ஒண்ணுன்னு இருந்தா, நான் நம்புததையே நான் நம்பலன்னு ஆயிரும் ஐயா. அப்புறம் ஊர்க்காரங்க எதுக்கு நம்பணும்?”

நேசையா எழுந்து போனார். மறுநாளிலிருந்து அவர் வீட்டிலும் தண்ணீர் காய்ந்தது. அந்தச் சேதி சபையாருக்குத் தெரிய வேண்டாம் என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷம் ஆடி மாதம், மேல்பக்கத்து ஊர்களில் ஆற்று நீராட்டு விசேஷம் முடிந்து கூட்டம் கலைந்த நாலாம் நாள், செங்கரைப்புதூருக்கு வாந்திபேதி வந்தது. பதினெட்டு வீட்டில் ஆள் படுத்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். அதில் ஒன்று கைக்குழந்தை. பாக்கியவதி அந்த நாட்களில் எவரிடமும் தண்ணீர்ப் பேச்சை எடுக்கவில்லை. பேசுகிற நேரமில்லை அது. கனியின் புருஷன் படுத்தபோது, அழைக்காமலே உள்ளே போனாள். ஆஸ்பத்திரியில் பார்த்ததை நினைவில் வைத்து, காய்ச்சின தண்ணீரில் உப்பும் கருப்பட்டியும் கரைத்து, கஞ்சித் தெளிவும் சேர்த்து, மணிக்கு மணி, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையில் ஊட்டினாள். ஆறு நாள் கனியும் அவளும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். ஏழாம் நாள் அவர் கண்ணைத் திறந்து, முறுக்கு இருக்கா என்று கேட்டார். கனி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். அவள் சத்தமில்லாமல் செய்த ஒரே காரியம் அதுதான் என்று பிற்பாடு தேவதாசன் சொல்வதுண்டு.

நோய் விலகிப் போயிற்று. எப்படி விலகியது என்பதில் ஊருக்கு இரண்டு கட்சி. அம்மனுக்குக் கூழ் ஊற்றியதால் என்றார்கள் ஒரு பாதி. ஆலயத்தில் மூன்று நாள் ஜெபக்கூட்டம் போட்டதால் என்றார்கள் மறு பாதி. பாக்கியவதி அத்தனை வீடு ஏறி இறங்கியும் அவளுக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் கேட்டால் மட்டும் இரண்டு கட்சியும் ஒரே பதிலைச் சொன்னது: வாந்திபேதிக்கே அவளைக் கண்டால் பயம். வெளியே இவ்வளவுதான் பேச்சு. செம்பைக் கேலி செய்வதும் நிற்கவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கனி பின்வாசல் வழியாக வந்தாள். கொஞ்ச நேரம் முருங்கைக்காயைப் பற்றிப் பேசினாள். பிறகு கேட்டாள்.

“ஏளா, தண்ணி கொதி வந்த பொறவு எம்புட்டு நேரம் விடணும்?”

“எதுக்கு மைனி?”

“அவருக்குக் கால் கழுவ.”

பாக்கியவதி சிரிக்கவில்லை. கால் மணி நேரம் என்றாள். அதே பாத்திரத்திலேயே மூடி ஆறவிட வேண்டும், மொண்டு எடுக்கும் அகப்பை சுத்தமாக இருக்க வேண்டும், கையை உள்ளே விடக் கூடாது என்றும் சொன்னாள். கால் கழுவுகிற தண்ணீருக்கு இவ்வளவு பக்குவம் எதற்கு என்று கனி கேட்கவில்லை. அவளுக்கு வாய்ப்பாடு தெரியாது. ஆகையால் அவள் அளவு வேறு: கொதி வந்ததும் புருஷனைத் திட்ட ஆரம்பிப்பாள், கல்யாணமான நாள் முதல் நேற்று வரை உள்ளதைச் சொல்லி முடிக்கும்போது தண்ணீர் பதமாகியிருக்கும்.

ஊருக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் பிச்சைக்கண்ணு. தெற்கே காட்டுப் பக்கத்திலிருந்து உடைமர விறகை வண்டியில் கொண்டுவந்து விற்பவர். வாரம் ஒரு வண்டி கொண்டுவந்து மிச்சத்தைத் திருப்பிக்கொண்டு போன இடத்தில், இப்போது இரண்டு வண்டி வந்தும் போதவில்லை. அவர் மெல்ல விசாரித்தால் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு காரணம். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்ட என்றார்கள் ஒரு வீட்டில். அந்தக் குழந்தை தெருவில் கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் கஷாயம். அப்பாத்துரை அண்ணாச்சி வீட்டில் அவர் மனைவி ஞானம்பாள், நெல் அவிக்க என்றார். அறுவடை முடிந்து நாலு மாதமாகியிருந்தது.

பிச்சைக்கண்ணு விறகை இறக்கிப் போட்டுவிட்டுப் பாக்கியவதியிடம் சொன்னார்: “தாயி, ஊரே உன்னப் பாத்துச் சிரிக்குது. ஊரே உன்னைய மாதிரி விறகும் எரிக்குது. எனக்கு ஒண்ணும் வெளங்கல.”

பாக்கியவதிக்கு விளங்கியது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டாள். அவருக்கும் வியாபாரம் நடந்தால் சரிதான்.

ஞானம்பாள் கதை கொஞ்சம் தனி. இறந்த கைக்குழந்தை அவருடைய தங்கை மகள் பெற்றது. அதை மடியில் வைத்திருந்தவர் அவர்தான். அதற்குப் பிறகு அவர் பாக்கியவதியிடம் ஒன்றும் கேட்கவில்லை. தூர இருந்து பார்த்தே படித்துக்கொண்டார். ஆனால் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது? அதனால் சொல்லவில்லை. காய்ச்சின தண்ணீருக்கு ஒரு சப்பென்ற ருசி இருக்கிறதல்லவா, அது தெரியாமலிருக்க, ஆறின பிறகு இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஆற்றி, புது மண்பானையில் ஊற்றி, அண்ணாச்சி கேட்கும்போது மொண்டு கொடுத்தார். அண்ணாச்சி குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு, அந்த வருஷம் தாம் படித்துறைக்குக் கல் போட்டுக் கொடுத்ததிலிருந்து ஆற்றுத் தண்ணீர் முன்னைவிட ருசி கூடியிருக்கிறது என்று எல்லாரிடமும் சொன்னார். சந்தேகப்பட்டவர்களை வீட்டுக்குக் கூட்டிவந்து குடிக்கவும் கொடுத்தார். அவர்களும் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு போனார்கள்.

இப்படி மூன்று வருஷம் ஓடியது. அறுபது வீட்டில் ஐம்பது வீட்டுக்கு மேல் தண்ணீர் காய்ந்தது. ஒவ்வொரு வீட்டாரும் தாங்கள் மட்டும்தான் காய்ச்சுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு காய்ச்சினார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் தாலுகா கச்சேரியிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. விசேஷ காலங்களில் ஆற்றோர ஊரார் குடிதண்ணீரைக் காய்ச்சியே குடிக்க வேண்டியது, தவறினால் சுகாதார அதிகாரி நேரில் வந்து விசாரிப்பார் என்று அதில் இருந்தது. தலையாரி அதை அண்ணாச்சி கையில் கொடுத்தார். அண்ணாச்சி ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை உரக்கப் படித்தார். அடுத்த நாள் சாயங்காலம் ஊர்க்கூட்டம் என்று சொல்லிவிட்டார்.

ஆற்றங்கரை மருதமரத்தடியில் ஊர் கூடியது. ஆண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கமாக நின்றிருந்தார்கள். பாக்கியவதியும் செம்போடு வந்து நின்றாள். அண்ணாச்சி அரைமணி நேரம் பேசினார். பொதிகை மலை, மூலிகை, சென்னைப் பட்டணம், இரண்டு கை அள்ளிய தண்ணீர், படித்துறைக் கல் எல்லாம் வந்தது. கச்சேரியில் உட்கார்ந்து பேனா பிடிப்பவனுக்கு நம் ஆற்றைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார். கலெக்டர் துரைக்கு ஒரு மனு போக வேண்டும், அதில் ஊரார் எல்லாரும் கையெழுத்தும் கைநாட்டும் வைக்க வேண்டும் என்றார். எல்லாரும் ஆமாம் என்றார்கள்.

நேசையா உபதேசியார் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். எழுத எழுத அவருக்கு வியர்த்தது. எழுதி முடித்ததும் வாசிக்கச் சொன்னார்கள். ‘மேற்படி கிராமத்தார் ஒருவரும் ஒருக்காலும் தாமிரபரணித் தீர்த்தத்தைக் காய்ச்சிக் குடித்ததில்லை என்றும், இனியும் குடிப்பதில்லை என்றும் சத்தியமாய்த் தெரிவித்துக்கொள்ளுகிறோம்’ என்று வாசித்தார். ‘சத்தியமாய்’ என்ற வார்த்தையை மட்டும் அவசரமாக வாசித்துத் தாண்டினார்.

முதல் கையெழுத்து அண்ணாச்சியுடையது என்று பேனாவை நீட்டினார்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஞானம்பாள் முன்னால் வந்தார். இருபத்தைந்து வருஷ மணவாழ்க்கையில் அவர் கூட்டத்தில் பேசியது அதுவே முதல் தடவை. புருஷன் பெயரில் பொய்ச் சத்தியம் கலெக்டர் வரைக்கும் போவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“அதுல கையெழுத்துப் போடாதீங்க,” என்றார். “மூணு வருசமா நீங்க குடிக்கது காச்சின தண்ணிதான்.”

அண்ணாச்சி பேனாவோடு அப்படியே இருந்தார். ஊரார் அவருடைய முகத்தைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்தார்கள். கனிதான் பொறுக்க மாட்டாமல், தன்னாலும் கைநாட்டு வைக்க முடியாது என்றாள். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். அக்கரையில் மாடு மேய்த்தவன் திரும்பிப் பார்த்தான். உடனே உபதேசியார், எழுதியவன் நானே எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல்தான் தவித்துக்கொண்டிருந்தேன் என்றார். அப்புறம் அங்கே ஒருவர், இங்கே இருவர். எங்கள் வீட்டிலும், எங்கள் வீட்டிலும் என்று கிளம்பி, கடைசியில் காய்ச்சாத வீடு எது என்று தேட வேண்டியதாகிவிட்டது. ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதா கோபப்படுவதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

எல்லாரும் மறுபடி அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் மனைவியைப் பார்த்தார். மீசையைத் தடவினார். மூன்று வருஷமாகப் புகழ்ந்த ருசியை இப்போது திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. ஆனால் அவர் சாமானியப்பட்ட ஆள் அல்ல.

“உபதேசியாரே, அந்தத் தாளைக் கிழியும் வே,” என்றார். “வேற எழுதும். தண்ணியக் காச்சிக் குடிக்கது எங்க ஊருல பரம்பரையா உள்ள வழக்கம். அத எங்களுக்குக் கச்சேரி சொல்லித் தர வேண்டாம். இப்படி எழுதும்.”

மருதமரத்தடியே கலகலத்துப் போயிற்று. அதுதான் நியாயம் என்றார்கள். எங்கள் பூட்டன் காலத்திலேயே சீரகம் போட்டுக் காய்ச்சுவார்கள் என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். பூட்டனை அவர் பார்த்ததில்லை. ஆனால் நாலு பேர் அதற்குச் சாட்சி சொன்னார்கள். இரண்டாவது மனு முதல் மனுவைவிட வேகமாக எழுதி முடிந்தது. வரிசையாகக் கையெழுத்து விழுந்தது, கைநாட்டு விழுந்தது. தேவதாசனும் எழுதத் தெரிந்த அளவுக்குப் பெயரை எழுதினார். பெண்களையும் வைக்கச் சொன்னார் அண்ணாச்சி, மனுவுக்குக் கனம் வேண்டும் என்று.

பாக்கியவதியின் முறை வந்தது. ஊர்ப் பெண்களில் கையெழுத்துப் போடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பேனாவை வாங்கி, மனுவை முதலிலிருந்து கடைசி வரை வாசித்துவிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

“நான் இந்த ஊருக்கு வந்தே அஞ்சு வருசந்தான் ஆகுது அண்ணாச்சி. பரம்பரையா உள்ள வழக்கம்னு நான் எப்படிக் கையெழுத்துப் போட?”

தேவதாசனுக்குத் தலை சுற்றியது. இத்தனை வருஷம் ஊரோடு ஒத்துப்போகாதவள், ஊரே அவளோடு ஒத்துவந்த அன்றைக்கும் ஒத்துப்போக மாட்டேன் என்கிறாளே! அவர் கண்ணால் கெஞ்சினார். கனி பல்லைக் கடித்தாள். பாக்கியவதி அசையவில்லை. கோபமும் இல்லை, வழக்கம்போலச் சிரித்த முகந்தான். கடைசியில் நேசையா உபதேசியார் ஒரு வழி கண்டுபிடித்தார். மனுவின் அடியில், ‘மேற்படி கிராமத்தார் அனைவரும், ஒருத்தி நீங்கலாக’ என்று ஒரு வரி சேர்த்தார். அப்படியே அது கலெக்டர் கச்சேரிக்குப் போயிற்று. அங்கே அதைப் படித்தவர்கள், அந்த ஊரில் யாரோ ஒரு பட்டிக்காட்டுப் பிடிவாதக்காரி மட்டும் இன்னும் பச்சைத் தண்ணீர் குடிக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது தேவதாசன் பொருமிக்கொண்டே வந்தார். ஒருவனாவது உன் பெயரைச் சொன்னானா என்று கேட்டார். பாக்கியவதிக்கும் கொஞ்சம் வருத்தம் இருக்கத்தான் செய்தது. அதை அவள் மறைக்கவில்லை. ஆனால் வழியில் வீட்டுக்கு வீடு கதவு திறந்திருந்ததையும், அடுப்புகள் வாசலுக்கே தெரியும்படி எரிந்ததையும் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் நிற்கவில்லை. தேவதாசனும் கடைசியில் சேர்ந்து சிரித்தார். அடுத்த வாரம் சுரைக்குடுக்கையை வைக்கோலுக்கு அடியிலிருந்து எடுத்து, வண்டி முன்னால் எல்லாரும் பார்க்கும்படி தொங்கவிட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு கொள்ளைநோய்க் காலத்திலும் செங்கரைப்புதூரில் சாவு விழவில்லை. அக்கம்பக்கத்து ஊரார் வந்து விசாரித்தபோது, அண்ணாச்சி அவர்களுக்குப் பரம்பரை வழக்கத்தைப் பற்றி எடுத்துச் சொன்னார். வெந்நீர்க்காரி என்ற பெயர் மெல்ல மறைந்தது. எல்லாரும் வெந்நீர்க்காரர்களாகிவிட்ட ஊரில் அந்தப் பெயருக்கு வேலையில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறாம் வருஷம் கனியின் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. பெண் விக்கிரமசிங்கபுரத்தைச் சேர்ந்தவள், பெயர் பியூலா. தகப்பன் பஞ்சாலையில் வேலை பார்ப்பவர். வந்த முதல் நாளே கனி மருமகளிடம், இந்த ஊரில் ஆதிகாலத்திலிருந்து தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிப்போம், உங்கள் ஊர்ப் பழக்கமெல்லாம் இங்கே ஆகாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து பாக்கியவதி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

பியூலா பெட்டியைத் திறந்து சாமான்களை எடுத்து அடுக்கினாள். சேலைகளுக்கு அடியில் மடித்து வைத்த வெள்ளை வலைத்துணி ஒன்று இருந்தது. கனி அதை இழுத்து விரித்தாள். விரிக்க விரிக்க வந்துகொண்டே இருந்தது. இது கொசுவலை, அத்தை என்றாள் பியூலா. மலையடிவாரத்தில் காய்ச்சல் அதிகம், கொசுக்கடியால்தான் அது வருகிறது என்று ஆலையில் சொல்கிறார்கள், இதற்குள்ளே படுத்துக்கொண்டால் வராது, எனக்குப் பழகிவிட்டது என்றாள்.

பார்க்க வந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். மனுஷரைப் பிடிக்க வலையா என்றாள் ஒருத்தி. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் பாக்கியவதி. கொசு கடித்தா காய்ச்சல் வரும், இது என்ன கூத்து என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பியூலா கோபித்துக்கொள்ளவில்லை. வலையை வாங்கி, ஓரம் பார்த்து மடித்து, மறுபடி பெட்டியில் வைத்தாள். மடித்துக்கொண்டே, “உங்க ஊர்க் கொசு நல்ல கொசுதான் பெரியம்மா. எனக்குத்தான் அது இல்லாமத் தூக்கம் வராது” என்றாள்.

பாக்கியவதியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் வெற்றிலைத் தட்டை நகர்த்திவிட்டுப் பெட்டிப் பக்கம் போய் உட்கார்ந்து, இந்தத் துணி எங்கே கிடைக்கும், இரண்டு பேர் படுக்க எத்தனை முழம் வேண்டும் என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.